கொள்ளுப்பை பாயின் துப்பாக்கிக் கிரிவலம்

கையில் துப்பாக்கியோடு அண்ணாமலையை வலம் வந்த பக்தர்கள் இந்த உலகத்தில் மொத்தமே பத்துப் பதினைந்து பேர்தான். அத்தனை பேரையும் அனுப்பிவைத்தவர் கொள்ளுப்பை பாய். அந்தப் பத்துப் பதினைந்து பேரில் நானும் ஒருவன். போலீஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பதற வேண்டாம். அவர்கள் பங்குக்கும் சேர்த்து நானே பதறி முடித்துவிட்டேன்.

எனக்குச் சுபாவமே அப்படி. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுக் கணக்குப் பரீட்சை அன்று காலையில் பயந்துபோய் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் போனால் ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்பாரே என்று மறுநாளும் போகவில்லை. அப்படியே படிப்பு முடிந்தது. பிற்பாடு செங்கம் ரோட்டில், ஆசிரமங்கள் இருக்கிற பக்கமாக, ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்தேன். அங்கேயும் நிம்மதி இல்லை. வானம் கறுத்தால் போன் கம்பி வழியாக இடி இறங்குமோ என்று கவலை. வெள்ளைக்கார அம்மா ஒருத்தி பூத்துக்குள் நின்று போனில் அழுதால், என்ன சேதி என்று தெரியாமலே வெளியே நான் முன்னும் பின்னும் நடப்பேன். நடை நிற்க ஒரு சிகரெட். அவள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தால், அப்பாடா என்று இன்னொன்று.

பூத்துக்குப் பக்கத்து அறை பாயின் பிரவுசிங் சென்டர். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். பாய் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர். கம்ப்யூட்டருக்கு முன்னால் மைக்செட், ரேடியோ ரிப்பேர். கிரிவலப் பாதையில் டியூப்லைட் எரிகிற எந்தக் கடைக்குள் போனாலும், அதில் ஏதாவது ஒரு ஒயர் அவர் முறுக்கியதாக இருக்கும். பகலெல்லாம் நான் தடுப்பை இரண்டு தட்டு தட்டுவேன், டொக் டொக் என்று. பாய் பின்பக்கம் வந்துவிடுவார். ஒரு சிகரெட், ஆளுக்குப் பாதி. எத்தனை தடவை தட்டினாலும் வருவார். ஒரு தடவைகூட அப்புறம் என்று சொன்னதில்லை.

கொள்ளுப்பை என்ற பெயர் அவருக்கு வந்தது, இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன சமயத்தில். பக்கத்து விடுதியில் ஒரு வெள்ளைக்காரர் தங்கியிருந்தார். ஆறு மாதம் தியானம் பண்ணி, காண்பதெல்லாம் மாயை என்று தெளிந்தார். தெளிந்த கையோடு, தன்னிடம் இருந்த மாயைகளிலேயே ரொம்பப் பெரிய மாயையைப் பாயிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அது முகத்தில் மாட்டுகிற ஒரு பெட்டி. உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குட்டி டி.வி. பட்டையைத் தலைக்குப் பின்னால் இறுக்கிக் கம்ப்யூட்டரோடு ஒயரை இணைத்தால், கம்ப்யூட்டருக்குள்ளேயே போய் நிற்கிற மாதிரி இருக்கும். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் காட்சி. நிமிர்ந்தால் வானம்.

பாய் அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, எதிர் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ ஏழுமலை பார்த்தான்.

"என்னா பாய், ஜட்கா குதிரைக்குக் கொள்ளுப்பை கட்டின மாதிரி நிக்கிறீங்க."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருடைய நிஜப் பெயர் எங்களுக்கு மறந்துபோனது. எனக்கு அது தெரிந்திருந்ததா என்பதே சந்தேகம்.

ஆறேழு மாதம் பாய் பாதி ஷட்டரை இழுத்துவிட்டு, அந்தப் பையை மாட்டிக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். உள்ளே என்னதான் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் பெருசா இல்ல தம்பி. இப்போதைக்கு ஒரே ஒரு கடை."

"என்னா கடை?"

"சின்னக் கடை. தாண்டறது கஷ்டமா இருக்குது," என்றார்.

எனக்குப் புரியவில்லை. என் பக்கம் போய் டொக் டொக் என்று தட்டினேன். வந்தார்.

அந்த வருஷம் ஆவணியில் என் பாப்பாவுக்கு இளைப்பு வந்தது. இரண்டு வயது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். டாக்டர் குழந்தையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு குழந்தையை விட்டுவிட்டு என் சட்டைப்பையைப் பார்த்தார்.

"வீட்ல யார் சிகரெட் பிடிக்கிறது?"

"வீட்ல இல்லைங்க. வாசல்லதான்."

"அந்தச் சட்டையோடதானே தூக்கறீங்க?"

என் மனைவி விஜயா அங்கேயே குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பையைக் கட்டினாள். கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீடு.

"தீபத்தன்னைக்குக் காலையில வருவேன்," என்றாள். "பஸ்ஸை விட்டு எறங்கினதும் உங்க சட்டையை மோந்து பார்ப்பேன். நாத்தம் வந்துச்சின்னா அப்படியே திரும்பிடுவேன்."

"தீபக் கூட்டத்துல உடனே பஸ் கிடைக்காதே விஜயா."

"நடந்து போறேன்."

செய்கிறவள்தான் அவள். இருபது கிலோமீட்டர், இடுப்பில் பிள்ளையோடு. அதை நினைத்ததும் நெஞ்சு அடைத்தது. நெஞ்சடைப்புக்கு ஒன்று பற்றவைத்தேன். என் லட்சணம் அது.

விடுவதற்கு முயற்சி பண்ணாதவன் இல்லை நான். கோயிலில் கற்பூரத்தைக் கையில் ஏற்றி மூன்று தடவை சத்தியம் செய்திருக்கிறேன். அதிகபட்சம் தாங்கியது, அடுத்த டீ வரைக்கும். மூன்று சத்தியத்தை மீறியதற்கு அண்ணாமலையார் என்ன வைத்திருக்கிறாரோ என்று மலையைப் பார்க்கவே கூச்சம். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மலையைப் பார்க்காமல் நடப்பது எவ்வளவு சிரமம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எந்தத் தெருவில் திரும்பினாலும் அது நிற்கிறது.

பாயிடம் சொல்லி அழுதேன். நாலாவது சத்தியத்துக்கு எனக்குத் தைரியம் இல்லை என்றேன்.

"சத்தியத்தை விடு. சாமிகிட்ட சொல்லி மீறினாதான் பாவம். மெஷின்ல மீறினா ரீஸ்டார்ட்," என்றார் பாய். "நீ பத்துநாள் டைம் குடு."

பத்து நாளில் அவர் கம்ப்யூட்டருக்குள் கிரிவலப் பாதையைப் போட்டுவிட்டார். ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய் போட்டோ பிடித்தார். டேப்ரிக்கார்டரில் கடைக்காரர்களைப் பேசவைத்தார். கிரிவலம் உங்களுக்கெதற்கு பாய் என்று ஏழுமலை கிண்டல் பண்ணியதற்கு, "பௌர்ணமிக்குப் பௌர்ணமி மைக்செட்டைத் தூக்கிட்டு சுத்தினவன்டா. உன்னைவிட ஜாஸ்தி சுத்தியிருப்பேன். நீ ஆட்டோவுல போனவன்," என்றார். ஏழுமலை ஸ்டாண்டைப் பார்க்க நடந்தான்.

துப்பாக்கி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாய் இதையெல்லாம் புதிதாகச் செய்யவில்லை. ஆட்களைச் சுட்டுக்கொண்டே ஓடுகிற ஏதோ ஒரு விளையாட்டை எடுத்து, அதிலிருந்த கட்டடங்களை இடித்துவிட்டு நம் மலையையும் ரோட்டையும் வைத்திருந்தார். சுடுகிற ஆட்களையெல்லாம் எடுத்துவிட்டார். கையில் இருந்த துப்பாக்கி மட்டும் போகவே இல்லை. என்ன செய்தும் படத்தின் அடியில் அதன் முனை நீட்டிக்கொண்டே நின்றது. கடைசியில் அதன்மேல் ஒரு அர்ச்சனைத் தட்டின் படத்தை ஒட்டினார். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் குழல் தெரியும்.

"ஸ்பேஸ் பாரை மட்டும் அமுக்கிடாத," என்றார்.

"அமுக்கினா?"

"சுட்டுடும்."

முதல் நாள். கீபோர்டைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார். கொள்ளுப்பையை என் முகத்துக்குக் கொண்டுவந்தார்.

"ஷாக் அடிக்குமா பாய்?"

"அடிக்காது."

"கண்ணு போயிடுமா?"

"போவாது."

"இடி கிடி இடிச்சா?"

"வெயில் பிளக்குது தம்பி. எங்கேருந்து வரும் இடி."

மாட்டினார். செங்கம் ரோடு. வலது பக்கம் மலை. பச்சையாக, இட்டிலியைக் குத்தவைத்த மாதிரி ஒரு மலைதான், ஆனாலும் மலை. என்னையறியாமல் கை கன்னத்துக்குப் போனது. பெட்டியில் இடித்துக்கொண்டேன். அண்ணாமலையார் தண்டனையை ஆரம்பித்துவிட்டார் என்றே நினைத்தேன். எல்லோரும் அப்படி ஒரு தடவை இடித்துக்கொள்கிறார்கள் என்று பாய் பிற்பாடு சொன்னார்.

அம்புக்குறியை அழுத்தினால் நடக்கும். நடந்தேன். எமலிங்கத்துக்குப் பக்கத்தில் முதல் கடை. முதல் கடையை அங்கேயா வைக்க வேண்டும்? கல்லாமேல் சிகரெட் பாக்கெட்டுகள் பளபளவென்று இருந்தன. பாய் போட்டிருந்த விதி ரொம்ப எளிது. கடையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட வேண்டும். திரும்பினால் ஜெயம்.

நான் திரும்பவில்லை.

"திரும்புப்பா," என்றார் பாய் வெளியிலிருந்து.

"எப்படி பாய் திரும்பறது? மலை இடது பக்கம் வந்துடுமே."

பாய்க்கு இது தோன்றவே இல்லை. கிரிவலத்தில் கால் வைத்தவன் சுற்றி முடிக்காமல் பாதியில் திரும்புவானா? பெற்ற தகப்பன் எதிரில் வந்து கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். புகைக்கிற ஆட்கள் இன்னும் சிலரையும் பாய் கூட்டிவந்து மாட்டிப் பார்த்தார்; ஒருத்தன்கூடத் திரும்பவில்லை. அத்தனை பேரும் பக்தியோடு நேராகப் போய்க் கடையில் முட்டிக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்தர் குளித்துவிட்டு, காலையில் கறி சாப்பிட்டுவிட்டேன் பரவாயில்லையா என்று கேட்டார்.

அடுத்த தொல்லை ஒயர். பாதை வலது பக்கமாகவே வளைகிறது. பார்க்கிற ஆளும் நின்ற இடத்திலேயே வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டே போவான். ஒரு சுற்று முடிந்தால் ஒயர் இடுப்பில் ஒரு சுற்று. பாய் கடைகளை எடுத்துவிட்டு வெறும் பாதையை ஓடவிட்டபோது, ஆட்டோ ஏழுமலை ஆர்வத்தில் நாலு சுற்று சுற்றி, நூல்கண்டு மாதிரி நின்றான்.

"அப்படியே இடது பக்கமா நாலு சுத்து சுத்து, பிரிஞ்சிடும்," என்றார் பாய்.

"மாட்டேன் பாய். இடமா சுத்தக்கூடாது."

"டேய், இது பிரவுசிங் சென்டர்டா."

"எதுவா இருந்தா என்னா. மலையைச் சுத்தினேன் இல்ல?"

கடைசியில் பாயே கம்ப்யூட்டரை அணைத்து, கழற்றிய ஒயரின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏழுமலையை நாலு தடவை வலம் வந்தார். மெயில் பார்க்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஏழுமலை யாரோ பெரிய மகான் என்று நினைத்துக் கைகூப்பினாள். அவன் கூச்சப்படாமல் ஆசீர்வாதம் பண்ணினான்.

அவன் பீடியை விடவில்லை. ஆனால் பையைக் கழற்றியதும், "இது நம்ம மலை இல்ல பாய். எமலிங்கத்துக்கிட்டேருந்து பார்த்தா தோள்பட்டை இப்படி வராது," என்றான். ஸ்டாண்டிலிருந்த மொத்த ஆட்டோக்காரர்களும் வந்து மாட்டிப் பார்த்து, மலை எங்கெங்கே தப்பு என்று சொன்னார்கள். பாய் மறுபடி உட்கார்ந்து மலையைத் திருத்தினார். அவர்களில் ஒருத்தர்கூடப் புகையை விடவில்லை. மலை மட்டும் சரியாக வந்துவிட்டது.

இதற்குள் புரட்டாசி பாதி போயிருந்தது. தீபத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஒவ்வொரு தடவை பையைக் கழற்றியதும் படபடப்பு அடங்க நான் தடுப்பைத் தட்டுவேன். பாய் ஒரு நொடி தயங்குவார். அப்புறம் வந்துவிடுவார். வைத்தியமும் நோயும் ஒரே தீக்குச்சியில் நடந்துகொண்டிருந்தன.

"விதியை மாத்திட்டேன்," என்றார் ஒருநாள். "திரும்ப வேணாம். தாண்டிப் போனா போதும்."

தாண்டப் போனேன். எமலிங்கத்துக் கடையில் இந்தத் தடவை கோதண்டம் நின்றார். நிஜத்தில் கோதண்டண்ணன் கடை, என் வீட்டுக்கும் பூத்துக்கும் நடுவில், செங்கம் ரோட்டிலேயே இருக்கிறது. தினமும் காலையில் நான் இருபதடி தூரத்தில் வரும்போதே அவர் சிகரெட்டை எடுத்து நீட்டிவிடுவார். கேட்கிற வேலையே கிடையாது. பாய் அவரைப் போட்டோ எடுத்து, ஒரு பெட்டியின் நாலு பக்கமும் முகத்தை ஒட்டியிருந்தார். எந்தப் பக்கமாக நழுவினாலும் கோதண்டம் என்னையே பார்த்தார். அவர் குரலும் வந்தது.

"வா சேகரு. இந்தா."

நான் வாங்கிவிட்டேன். மறுபடி ஆரம்பம். மறுபடி வாங்கினேன். ஏழு தடவை.

பாய் பையைக் கழற்றி என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். வெறும் கடையா இருந்தப்போ நேத்து ரெண்டு தடவை தாண்டிட்ட. ஆளு நின்னா ஏன் தாண்ட மாட்டேங்கற?"

"அவரு எடுத்து நீட்டிட்டாரே பாய்."

"வேணாம்னு சொல்லு."

"சொன்னா என்னா நினைப்பாரு? பத்து வருசப் பழக்கம். வேற கடைக்குப் போயிட்டான்னு நினைப்பாரு. மனசு கஷ்டப்படும். அப்புறம் நாளைக்கு அந்த வழியா எப்படிப் போறது?"

பாய் பையின் பட்டையைச் சுருட்டி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உனக்கு சிகரெட் ஆசை கம்மிதான். அடுத்தவன் என்னா நினைப்பானோங்கற பயம்தான் ஜாஸ்தி. எனக்குத் தெரியும் அது."

அப்புறம் தினமும் ஒரே பாடம். நாலு முகக் கோதண்டத்தின் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதலில் வாயே வரவில்லை. "அப்புறம் வாங்கிக்கறேண்ணே" என்றேன். "இப்பதாண்ணே பிடிச்சேன்" என்றேன். "மெஷின்கிட்ட எதுக்குடா பொய் சொல்ற" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஒருநாள் பயத்தில் ஸ்பேஸ் பாரை அமுக்கிவிட்டேன். தேங்காய்க்கு நடுவிலிருந்து குண்டு கிளம்பிக் கோதண்டத்தின் நெற்றியில் பட்டது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் மூன்று தெரு சுற்றிப் போய், தூரத்தில் நின்று, அவர் நன்றாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் அந்த வார்த்தை வந்தது. "வேணாம்ணே." உள்ளே எத்தனை சத்தமாகச் சொல்கிறோம் என்று பை மாட்டியவனுக்குத் தெரியாது. சென்டரில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். கோதண்டம் பதில் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பக்கமும் அதே முகம். பாய் பதிலைப் பதிவு செய்திருக்கவில்லை. நான் தாண்டிப் போனேன். அடி அண்ணாமலை வந்தது. குபேரலிங்கம் வந்தது. சுற்று முடிந்து செங்கம் ரோடு மறுபடி தெரிகிற இடத்தில் பாய் டக்கென்று அணைத்துவிட்டார்.

"அதுக்கு மேல இன்னும் வேலை பாக்கி இருக்குது."

அதன் பிறகு நாளின் மற்ற சிகரெட்டுகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தடுப்பைத் தட்டுவதும் நின்றது. நான் தட்டாததால் பாயும் பின்பக்கம் போவதில்லை. அதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. என் பயமே எனக்குப் பெரிதாக இருந்தது. ஏனென்றால், நிஜக் கோதண்டத்தை நான் இன்னும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. தினமும் பின் சந்து வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மெஷினில் அவர் பேசாமல் இருந்தார். நிஜத்தில் பேசுவாரே. என்ன பேசுவார்?

தீபத்துக்கு முதல் நாள் காலையில் ஊரெல்லாம் சீரியல் பல்பு போட்டதில் வோல்டேஜ் ஏறி இறங்கியது. டப் என்று ஒரு சத்தம். கொள்ளுப்பையிலிருந்து மெலிதாகப் புகை வந்தது. புகையை நிறுத்தப் பிறந்த சாமான் கடைசியாக விட்டது புகைதான். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். பாய் அதை மடியில் வைத்து, செத்த கோழிக்குஞ்சைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் எப்படி பாய்?"

"இது போனா என்னா. வேணாம்னு நீதானே சொன்ன? இதுவா சொல்லிச்சி?"

மறுநாள் தீபம். ஊர் தாங்காத கூட்டம். பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நிறுத்தியிருந்தார்கள். விஜயா எட்டு மணி பஸ்ஸில் வருகிறாள். துவைத்த சட்டையை இரண்டு தடவை நானே மோந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன். பின் சந்தில் திரும்பினால், சவுக்குக் கட்டை கட்டி அடைத்திருக்கிறார்கள். அடுத்த சந்தும் அப்படியே. போக ஒரே வழி, செங்கம் ரோடு. கோதண்டம் கடை.

கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. இருபதடி இருக்கும்போதே அவர் பார்த்துவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் பார்க்கிறார். முகம் மலர்ந்துவிட்டது. கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது.

"வா சேகரு. இந்தா."

டேப்பில் கேட்ட அதே குரல், அதே இழுப்பு. ஒன்றும் தோன்றாமல், முகத்தில் இல்லாத பெட்டியைக் கையால் சரிபண்ணிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, மெஷினுக்குள் சொல்கிற அதே சத்தத்தில் சொன்னேன்.

"வேணாம்ணே."

முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று திரும்பிப் பார்த்தது. நான் பதிலுக்காகக் காத்திருந்தேன். பத்து வருஷப் பழக்கம் முறிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று காத்திருந்தேன்.

"வேணாம்னா சரி," என்றார் கோதண்டம். நீட்டிய சிகரெட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். "கொஞ்சம் தள்ளி நில்லு சேகரு. ஆளுங்க வர்றாங்க."

அவ்வளவுதான். இதற்கா நான் ஒரு மாதத்துக்கு மேல் சந்து சந்தாகச் சுற்றினேன்.

விஜயா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். சொன்ன மாதிரியே சட்டையை மோந்து பார்த்தாள். கழுத்துப் பக்கம், சட்டைப்பை, கை விரல். மூன்றாவது தடவையும் மோந்து பார்த்துவிட்டு, பாப்பாவை என் தோளில் போட்டாள். பாப்பாவின் மூச்சு என் காதில் பட்டது. பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. இருந்தாலும் வீடு வரும்வரை உற்றுக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் காலையில் விஜயா பிடித்த பொரி உருண்டையை எடுத்துக்கொண்டு பாயைப் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. டீ வாங்கப் போயிருந்தார். கொள்ளுப்பைதான் போய்விட்டதே தவிர, திரையில் கிரிவலம் தெரிந்தது. ஒரு தடவையாவது கடைசிவரை போய்ப் பார்க்கலாமே என்று அம்புக்குறியை அழுத்தினேன். குபேரலிங்கத்தைத் தாண்டி, பாய் எப்போதும் அணைத்துவிடுகிற இடத்தையும் தாண்டிச் செங்கம் ரோட்டுக்கு வந்தேன்.

அங்கே கடைசியாக ஒரு கடை. மஞ்சள் போர்டில் எஸ்.டி.டி. என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு பெட்டி. அதன் நாலு பக்கமும் என் முகம். கவலையான முகம். நீட்டிய கையில் பாதி சிகரெட். கிட்டே போனதும் ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. டொக் டொக். அப்புறம் என் குரல். "வரீங்களா பாய், ஒண்ணு போடலாம்."

எப்போது பதிவு செய்தார் என்று எனக்குத் தெரியாது. பின்னால் டீ கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது.

"அதான் முதல்ல செஞ்சது," என்றார் பாய். "உன் கோதண்டமெல்லாம் அப்புறம்."

"எதுக்கு பாய்?"

"வேலூர் டாக்டரு போன வருசமே சொல்லிட்டான். ஒண்ணுகூடக் கூடாதுன்னு."

போன வருஷத்திலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டியிருப்பேன்?

"ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா, நீ பயந்துகிட்டு இன்னும் ரெண்டு பத்தவெப்ப. வா வான்னு தட்டுவ."

அது நிஜம்தான்.

"நான் தட்டினப்போ வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்னா நினைப்பியோன்னு இருந்தது," என்றார் பாய், டீயை ஆற்றிக்கொண்டே. "எத்தினியோ தடவை இதுக்குள்ள வந்து உன்னைத் தாண்டிப் பார்த்தேன். முடியல. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படித் தாண்டறது? சரி, இந்தக் கடையைத் தாண்டறதைவிட, கடைக்காரனைக் காலி பண்ண வெக்கிறது சுலபம்னு தோணிச்சி. உன்னைப் பிடிச்சிகிட்டேன்."

"வேணாம்னு சொல்லியிருந்தா, சரின்னுட்டு அடுத்த போன் பில்லைக் கிழிச்சிருப்பேன் பாய்."

"அது இப்பத்தானே உனக்குத் தெரியும்."

ஒரு பொரி உருண்டையை உடைத்து ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

அதன் பிறகு தடுப்பைத் தட்டினால் டீ என்று வைத்துக்கொண்டோம். ஏழெட்டு வருஷம் அப்படி ஓடியது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஆள் வருவது நின்றது. பிரவுசிங் சென்டருக்கும் நின்றது. நடுவிலிருந்த பிளைவுட்டைப் பிரித்துவிட்டு யாரோ பெரிதாக ஒரு காபிக்கடை போட்டார்கள். பாய், ஆஸ்பத்திரி கிட்ட இருக்கட்டும் என்று மகள் கூப்பிட்டதால் வேலூருக்குப் போய்விட்டார். போகும்போது அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். எதற்கு பாய் இந்தக் குப்பை என்றேன். உன் மூஞ்சி இருக்குதே என்றார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாயங்காலம் ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். பாப்பா, அவள் இப்போது பாவாடை தாவணி கட்டுகிற பெண், போனை எடுத்து என்னிடம் நீட்டுவாள். பாய் முதலில் பேசமாட்டார். போன்மேல் விரலால் இரண்டு தட்டு தட்டுவார். பதிலுக்கு நானும் தட்டுவேன். அப்புறம்தான் மலை எப்படி இருக்கிறது, ஏழுமலை எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பு.

ஆறு மணி தாண்டி ஐந்து நிமிஷம் ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நீங்களே பண்ணிப் பாருங்களேன் என்பாள் விஜயா. பண்ணினால் வேறு யாராவது எடுத்து ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? பண்ணமாட்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன். டொக் டொக் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.